அளவான உயரம், சிரித்த முகம்

ஜனவரி 16, வியாழன்

கடைக்கு வந்த இரண்டு டைரிகளில் ஒன்றை ஜெசிந்தா அக்கா எனக்குக் கொடுத்தார். வீணாக்க மனமில்லாமல் எழுதத் தொடங்குகிறேன்.

காணும் பொங்கலுக்கு நிலக்கோட்டையிலிருந்து தாமரை அத்தை வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்துவிட்டார். "தவமணிக்கு வர்ற மாசியோட முப்பத்தொம்பது முடியுது. உங்க அம்மா அப்பா இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாங்களா? ஊருக்கெல்லாம் கல்யாணத் தாள் அடிச்சுக் குடுக்குற. சொந்த அண்ணனுக்கு ஒண்ணு அடிக்க மாட்டியா மேகலா?"

அத்தை சொன்னது சரிதான். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெசிந்தா அக்காவின் டி.டி.பி. கடையில் நான்கு வருடமாக டைப் அடிக்கிறேன். பாதி வேலை பட்டா மனு. மீதி, பெண் மாப்பிள்ளை தேடுகிறவர்களின் பயோடேட்டா. அதைத்தான் எல்லோரும் கல்யாணத் தாள் என்கிறார்கள்.

அண்ணன் கரும்பு கடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "என் மூஞ்சிக்கு எவ அத்தை வருவா?" என்று சொல்லிவிட்டு அத்தனை பல்லும் தெரியச் சிரித்தான். அவன் எப்போதும் அப்படித்தான் சிரிப்பான்.

நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னைவிட நன்றாக யார் எழுதிவிடப் போகிறார்கள்?

ஜனவரி 18, சனி

கல்யாணத் தாளில் யாரும் குண்டு கிடையாது. பூசினாற்போன்ற உடல்வாகுதான். யாரும் கறுப்பு கிடையாது, மாநிறம். மாநிறம் என்றும் சொல்ல முடியாவிட்டால் களையான முகம். நெட்டையாக இருந்தால் கம்பீரம். பெண் குட்டையாக இருந்தால் அடக்கமான தோற்றம். அம்மைத் தழும்பு இருந்தால் முகத்தை விட்டுவிட்டுக் கூந்தலுக்குப் போய்விட வேண்டும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னுடைய தாளில்கூட ஒரு காலத்தில் "மெல்லிய உடல்வாகு, புதுநிறம்" என்று தரகர் எழுதியிருந்தார். அந்தக் கதையை வேறொரு நாள் எழுதலாம்.

அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு "அளவான உயரம்". வழுக்கைக்கு "ஏறுநெற்றி". வழுக்கை உச்சியைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கிவிட்டது, இருந்தாலும் ஏறித்தானே இறங்கியிருக்கிறது. முன்பல் இரண்டும் வெளியே நிற்கும், நடுவில் ஒரு சந்து. அதற்கு "சிரித்த முகம்". காதுக்குத்தான் சொல் அகப்படவில்லை. முறம் மாதிரி விரிந்த காது. "லட்சணமான முகவெட்டு" என்று பொதுவாகப் போட்டுவிட்டேன்.

போட்டோவுக்கு, கண்டக்டர் வேலையில் சேர்ந்த வருடம் எடுத்ததைத் தேடிப் பிடித்தேன். அப்போது முடி இருந்தது.

அச்செடுத்துக் காட்டியதும் அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யாரு பாப்பா இவன்? நல்லாத்தான இருக்கான். ஏன் இன்னும் கல்யாணம் ஆகல?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

வேடசந்தூரிலிருந்து பெண் வீட்டார் ஐந்து பேர், மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்தேன். அண்ணன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வாசலுக்குப் போய் வரவேற்றான். பெண்ணின் தாய்மாமன் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவனிடம், "மாப்பிள்ளை உள்ள இருக்காருங்களா?" என்றார்.

"நான்தாங்க," என்றான் அண்ணன்.

அப்புறம் காபி மட்டும் குடித்தார்கள்.

பிப்ரவரி 1, சனி

பொருத்தம் சரியில்லை என்று போன் வந்தது. ஜாதகம் நாங்கள் இன்னும் கொடுக்கவேயில்லை.

சிலிண்டர் பதிவு செய்தேன். கேசரியை அண்ணன்தான் இரண்டு நாள் வைத்துத் தின்று தீர்த்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தாளைக் கொஞ்சம் திருத்தினேன். "வசீகரத் தோற்றம்" என்று ஒரு வரி சேர்த்தேன். போட்டோவில் காது தெரியாதபடி இரண்டு பக்கமும் வெட்டிவிட்டேன். இப்போது பார்க்க இன்னும் நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மணப்பாறைக்காரர்கள் வந்தார்கள். வேன் வாசலில் நின்றது, பெண் மட்டும் இறங்கவில்லை. பெண்ணின் அம்மா நேராக அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீதான் எழுதுனியா? நாங்க என்னமோ நெனச்சு வந்தோம். எம் பொண்ணு ஜன்னல் வழியா பாத்துட்டு, நான் எறங்க மாட்டேன்னுட்டா. தப்பா எடுத்துக்காத. இல்லாதத எழுதலாமா?"

திரும்பிப் பார்த்தால் அண்ணன் சொம்போடு நிற்கிறான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. "தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்," என்றான்.

அவர்கள் போன பிறகு அலமாரிக் கண்ணாடிமுன் நின்றிருந்தான்.

"பாப்பா, என் காது ரொம்பப் பெருசா இருக்கா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

இத்தனை வருடத்தில் அவன் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

பிப்ரவரி 12, புதன்

அண்ணனுக்கு இருமல் போலிருக்கிறது. பேசும்போது கையை வாய்மேல் வைத்துக்கொள்கிறான். துளசி போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்தான். ஆனால் அவன் இருமி நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மூன்றாவதாக ஒரு தாளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஜெசிந்தா அக்கா பின்னால் வந்து நின்று திரையில் படித்தார்.

"ஏண்டி, போன வாரம் ரெட்டியார்சத்திரத்துப் பையனுக்கு அடிக்கையில என்ன சொன்ன? 'ரொம்ப ஏத்தாதீங்க, நேர்ல பாத்தா சப்புனு ஆயிரும்'னு நீதான சொன்ன? உங்க அண்ணனுக்கு மட்டும் ஏன் இப்படி ஏத்துற? வர்றவங்க ஏமாந்து திரும்புவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"பாசந்தான்க்கா."

"பாசமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அக்காவுக்கு இன்று தலைவலி. காலையிலேயே மாத்திரை போட்டார். அதனால்தான் அப்படிப் பேசினார்.

அரை மணி முன்னதாகவே வீட்டுக்கு வந்து என் அறையைச் சுத்தம் செய்தேன். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த வாசலில் வந்து இறங்கினேன். அண்ணன் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கே தன் கட்டிலைத் தூக்கிக் கூடத்தில் போட்டுக்கொண்டு, இருந்த ஒரே அறையை எனக்குக் கொடுத்தான். இன்னும் கூடத்தில்தான் படுக்கிறான்.

திரைத்துணியையும் துவைத்துவிட்டேன். அழுக்கே இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

மத்தியானம் ஒரு பெண் தனியாகக் கடைக்கு வந்தார். நல்ல உயரம். நிலைப்படியில் தலை இடிக்குமோ என்று நான் எழுந்தே விட்டேன். பெயர் செல்லக்கிளி, வயது முப்பத்தேழு. கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். தன் கல்யாணத் தாளைத் தானே நோட்டுப் பேப்பரில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அப்படியே அடிங்க. அழகுபடுத்த வேணாம்."

படித்தேன். "உயரம் ஐந்தடி ஏழு. நிறம் கறுப்பு. இடது கண் மாறுகண், சிறு வயதிலிருந்தே."

இப்படிக்கூட யாராவது எழுதுவார்களா? "மாறுகண்ண எடுத்துட்டு, 'கவரும் பார்வை'ன்னு போடலாங்க," என்றேன்.

"போட்டாச்சும்மா. போன வருசம் ஒரு தரகர் அப்படித்தான் எழுதுனாரு. மூணு எடத்துலருந்து வந்தாங்க. ஒருத்தரும் என் மூஞ்சிய பாக்கல. எங்க பாக்கறதுன்னு தெரியாம தரையவே பாத்துட்டு எந்திரிச்சுப் போனாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நேராப் பாத்திருப்பாங்கல்ல?"

அவரே தொடர்ந்தார். "அதுக்காகத் திட்டுற மாதிரியும் இருக்கக் கூடாது. இருக்கறதச் சொல்லணும். கேக்க நல்லாவும் இருக்கணும். அப்படி ஒரு வார்த்தை உங்ககிட்ட இருந்தா போடுங்க."

என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல சொற்கள் எல்லாமே மறைக்கிற சொற்கள்.

"வேலையில எப்படிங்க? கண்ணு எடஞ்சலா இருக்குமா?"

"எடஞ்சலா? அதான் எனக்கு ஒத்தாசை. மாட்டுக்கு ஊசி போடயில அது நம்ம கண்ணத்தான் பாக்கும். நான் எங்க பாக்கறேன்னு அதுக்குப் புரியறதுக்குள்ள ஊசி எறங்கிடும். எங்க டாக்டரே, 'செல்லக்கிளிய வரச் சொல்லு'ம்பாரு." கடையே அதிரச் சிரித்தார். ஜெசிந்தா அக்காகூடச் சிரித்தார்.

கடைசியில் இருவருமாகச் சேர்ந்து ஒரு வரி எழுதினோம்: "இடது கண் மாறுகண், மிரளுகிற மாடும் இவர் பார்வைக்கு அமைதியாக நிற்கும்."

படித்துவிட்டு, "இது நான்தான்," என்றார்.

மார்ச் 1, சனி

செல்லக்கிளியின் தாளில் ஒரு பிரதி அதிகமாக அச்சாகிவிட்டது. மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. அண்ணனுக்கு ஒத்து வராது. அவனைவிட ஐந்து அங்குலம் உயரம். குரலும் பெரிது. எங்கள் வீடு சிறியது.

மார்ச் 5, புதன்

அக்கா ஒரு பத்திர நகலைக் கொடுத்துவரச் சொல்லி நத்தத்துக்கு அனுப்பினார். அண்ணனின் பேருந்து அந்தத் தடம்தான். கூட்டத்தில் பின்பக்கம் ஏறினேன். அவன் முன்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

அண்ணனுக்கு ஊதுகுழல் தேவையே கிடையாது. முன்பல் சந்தில் நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தால் பேருந்து மட்டுமில்லை, பக்கத்து வயலில் மேய்கிற ஆடும் நிற்கும். அந்தத் தடத்தில் எல்லோருக்கும் அது தெரியும். இன்று அவன் கழுத்தில் கயிறு கட்டி ஒரு பிளாஸ்டிக் விசில் தொங்கியது. அதை ஊதினான். தலையில் தொப்பி, காதை மூடுகிற மாதிரி இழுத்துவிட்டிருந்தான். இந்த வெயிலில்.

கோபால்பட்டியில் கீரைக்கூடையோடு ஏறிய ஒரு அம்மா, "என்ன கண்டக்டரே, ஊமையாயிட்டீங்களா? உங்க விசில் சத்தம் கேட்டாத்தான் நான் வீட்ட விட்டே கெளம்புவேன். ரெண்டு வாரமா வண்டிய விட்டுட்டு விட்டுட்டு நிக்கிறேன்," என்றார்.

அண்ணன் கையை வாய்மேல் வைத்துக்கொண்டு, "பல்லு வலிம்மா," என்றான்.

நத்தம் வரை போகாமல் அடுத்த நிறுத்தத்தில் பின்வழியாக இறங்கிவிட்டேன். புளியமரத்தடியில் நெடுநேரம் நின்றுவிட்டு, வேறொரு வண்டியில் நத்தம் போனேன்.

இருமலும் இல்லை, பல்வலியும் இல்லை.

எழுதிவிட வேண்டியதுதான். என் கல்யாணத் தாளை என் மாமியார் பத்திரமாக வைத்திருந்தார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதை எடுத்து, "மெல்லிய உடல்வாகு, புதுநிறம்" என்று உரக்கப் படிப்பார். "இதுல இருக்கறவ எங்கடி? அவள அனுப்பச் சொல்லு உங்க அண்ணன." மூன்று வருடம் தினமும் கேட்டேன். தாளில் இருப்பவள் ஒருத்தி, வீட்டில் இருப்பவள் ஒருத்தி என்றால் என்ன நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

தெரிந்தேதான் அண்ணனுக்கு அப்படி எழுதினேனா? ஆமாம் என்று எழுதக் கை வரவில்லை. இல்லை என்றும் எழுத வரவில்லை. ஒன்று மட்டும் எழுத முடிகிறது. மணப்பாறை வேன் திரும்பிப் போனபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அதற்கு அடியில், என் அறை என் அறையாகவே இருக்கும் என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

நான்கு நாளாக அண்ணனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, பக்கத்து வீட்டுக் காது கேளாத தாத்தாவோடு பேசும்போது. "என்ன பாப்பா, முறைச்சுக்கிட்டே இருக்க?" என்று கேட்டுவிட்டான். இன்று காலை எழுதி முடித்தேன். இதையே அடிக்கப் போகிறேன்:

"தவமணி, வயது 39, அரசுப் பேருந்து நடத்துநர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். எத்தனை நெரிசலிலும் யார்மேலும் இடிக்காமல் நுழைந்து வந்துவிடுவார். தலையில் முடி இல்லை; பேருந்து நிலையக் கூட்டத்தில் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. காது இரண்டும் பெரியவை. கடைசி இருக்கையில் யாராவது வாய்க்குள் முணுமுணுத்தாலும் கேட்கும், கேட்டால் உடனே எழுந்து வருவார். முன்பல் இரண்டும் துருத்தியவை, நடுவில் இடைவெளி உண்டு; அதில் அவர் அடிக்கும் விசிலை நம்பி நத்தம் சாலையில் ஆட்கள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். சிரித்தால் எல்லாப் பல்லும் தெரியும். உடன் ஒரு தங்கை இருக்கிறாள்."

கடைசி வரியை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். இருக்கிறதைச் சொல்ல வேண்டும் என்றால் அதையும் சொல்லத்தானே வேண்டும்?

அண்ணனிடம் கொடுத்தேன். கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து படித்தான். ரொம்ப மெதுவாகப் படித்தான். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"முன்னாடி எழுதுனதெல்லாம் தப்புண்ணே," என்றேன். "நீ கல்யாணமாகிப் போயிட்டா..." வாக்கியம் தப்பாக வந்துவிட்டது. "உனக்குக் கல்யாணம் ஆயிட்டா நான் எங்க போறதுன்னு ஒரு பயம். அதான் அப்படி எழுதிட்டேன் போலருக்கு."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. "நான் ஒரு தடவை உனக்கு வந்த தாளை நம்பி, சரியா விசாரிக்காம உன்னை அனுப்பி வச்சேன் பாப்பா. அதுக்கு இது சரியாப் போச்சு," என்றான்.

கொஞ்ச நேரம் இருவரும் அழுதோம். அப்புறம் அவன் கத்தரிக்காய் நறுக்கினான், நான் புளி கரைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

செல்லக்கிளிக்குப் போன் செய்தேன். பின்னால் ஏதோ கன்றுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. "எங்க அண்ணனுக்குக் காட்டலாமான்னு உங்க தாள ஒரு பதினஞ்சு நாளா மேஜையில வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டிருந்தேன்," என்றேன். "அனுப்புங்க, உங்க அண்ணன் தாளையும் பாப்போம்," என்றார். அனுப்பினேன், இன்றைய போட்டோவோடு, காதை வெட்டாமல்.

பத்து நிமிடத்தில் பதில்: "ஞாயித்துக்கிழமை அம்மாவோட வர்றேன்."

மார்ச் 16, ஞாயிறு

கேசரி செய்யவில்லை. இட்லியும் குடல் குழம்பும். அண்ணன்தான், "நாம என்ன சாப்பிடுவோமோ அதையே செய்," என்றான்.

செல்லக்கிளியும் அவர் அம்மாவும் பதினோரு மணிக்கு வந்தார்கள். அண்ணன் தொப்பி போடவில்லை. செல்லக்கிளி வாசலிலேயே நின்று தாளைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு அண்ணனை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"உயரம் சரியா இருக்கு. காது... ம், சரியா இருக்கு. பல்லு எங்க? வாயத் திறந்தாத்தான தெரியும்?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை மேலே வரவில்லை.

"எல்லாம் எழுதுன மாதிரியே இருக்கும்மா," என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

சாப்பிட்டபின் அவர் அம்மாவும் அண்ணனும் பேசிக்கொண்டிருந்தபோது செல்லக்கிளி அடுப்படிக்கு வந்தார். தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"உங்க தாள நான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்னு சொன்னது பொய்ங்க. வேணும்னே காட்டாம வச்சிருந்தேன். நீங்க வந்துட்டா இந்த வீட்ல எனக்கு எடம் இருக்குமோ இருக்காதோன்னு."

அவர் கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்தார். பிறகு, "அந்தத் துணியக் குடுங்க, தொடைக்கணும்," என்றார். இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்துக்கு வந்தோம். அண்ணன் கட்டிலின் ஒரு ஓரத்தில் இருந்தான். நான் எதிர்ப்பக்கம், சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். செல்லக்கிளி நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன்தான் தொண்டையைச் செருமினான். எதையும் பளிச்சென்று கேட்டுவிடுவது அவன் சுபாவம்.

"தப்பா நெனக்காதீங்க. நீங்க இப்ப என்னைய பாக்கறீங்களா, எந்தங்கச்சிய பாக்கறீங்களான்னு எனக்குத் தெரியல."

அவர் அம்மா முகம் சுருங்கியது. நான் பதறிப்போனேன்.

செல்லக்கிளி அசையவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ரெண்டு பேரையுந்தான்," என்றார்.